ஓட வைக்குமுன் நிற்க வையுங்கள்: பழைய மிலிட்டரி வண்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பச்சைப் பெயின்ட்டையும் நம்பர் பிளேட்டையும் பற்றியவை. பிரேக்கைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா வாங்கிப் போட்ட வில்லிஸ் ஜீப் பல வருஷம் கழித்து ஸ்டார்ட் ஆகிவிட்டது சார். பிரேக் பெடல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. மேட்டுப்பாளையம் வரை ஓட்டிப் பார்க்கலாமா? (கோத்தகிரி)

ஷெட் வாசலைக்கூடத் தாண்டாதீர்கள். இந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஆயில் அழுத்தத்தில் பிரேக்கை விரிக்கிற வீல் சிலிண்டர் ஒன்றில் ரப்பர் கிழிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்பீர்கள். அது சக்கரத்தில் இல்லை. முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. நிறுத்திய வண்டி நகராமல் இருக்கத்தான் அது. இறக்கத்தில் ஓடும்போது இழுத்தால் ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும்தான் அடி வாங்கும்.

முதலில் நாலு டிரம்மையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரைப் பிரித்துத் துடைத்துவிட்டு உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருக்குழியில் நகம் மாட்டினால் எமரி போட்டுத் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை. கோவையில் நல்ல லேத் பட்டறையில் கொடுத்துப் பித்தளை ஸ்லீவ் போடுங்கள். ரப்பர் ஹோஸ் வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே சுற்றி டிரம் சூடேறும். அதனால் ஹோஸ் அத்தனையையும் மாற்றுங்கள். ஸ்டீல் பைப்பில் கிளிப் மாட்டியிருக்கும் இடத்துக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அது சீக்கிரம் கெடும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை மழை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து இறங்கும்போது கியரை மேலேயே, சமதளத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஜீப்பில் முதல் கியருக்கு, ஓடும்போதே கியரைச் சத்தமின்றிப் பொருத்தும் சின்க்ரோ கிடையாது. இறக்கத்தில் வேகம் பிடித்தபின் அதைத் தேடினால் கிர்ரென்ற சத்தம்தான் கிடைக்கும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் போட்டால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அதில் முன் ஆக்சிலும் சேர்ந்தே இயங்கும். சேற்றுப் பாதைக்கு அது சரி. காய்ந்த தார்ச்சாலையில், கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு, முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

எஸ்டேட் ஷெட்டில் மூக்கே இல்லாத லாரி ஒன்று நிற்கிறது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே துருத்திச் சாய்ந்திருக்கிறது. இது என்ன வண்டி? இன்ஜின் இறுகிவிட்டது, டிராக்டரில் கட்டி இழுத்தால் விட்டுவிடுமா? (குன்னூர்)

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்குப் பொருந்துவது இரண்டாம் உலகப் போரில் கனடா லட்சக்கணக்கில் தயாரித்த ராணுவ லாரி. கண்ணாடி அப்படிச் சாய்ந்திருப்பது வானத்து வெளிச்சம் பட்டு மின்னி, மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. ஃபோர்டும் செவர்லேயும் ஒரே முகத்தில் செய்தன. இன்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள்: வி-8 என்றால் ஃபோர்டு, ஆறு சிலிண்டர் நேர்வரிசை என்றால் செவர்லே.

இழுக்கவே கூடாது. இறுகிய இன்ஜினை இழுத்தால் முதலில் வளைவது வால்வு, அடுத்து கனெக்டிங் ராடு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விடுங்கள். பிறகு இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் காலி செய்து, புது ஆயில் ஊற்றி, ஹேண்டில் போட்டுக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையா, மறுபடி ஊற்றிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். ஒருவேளை அது செவர்லே என்றால், கனெக்டிங் ராடு பேரிங் கழற்றி மாட்டுகிற ஷெல் அல்ல, ராடிலேயே உருக்கி வார்த்த ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவை. அதை வார்க்கத் தெரிந்த வயதான மேஸ்திரி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இந்த லாரிகளின் டிஸ்க், அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரம், இரண்டு பாதிகளை நட்டு போட்டுச் சேர்த்தது. வட்டமாக அமைந்த ஒரு வரிசை நட்டுகள் டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கின்றன. இன்னொரு வட்ட வரிசை இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்த இரண்டாவது வட்டத்துக்குச் சிவப்பு பூசும் வழக்கம் இருந்தது. உங்கள் வண்டியில் அந்தச் சிவப்பு எப்போதோ உதிர்ந்திருக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் பாதி டிஸ்க் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். வால்வு ஊசியையே கழற்றிக் காற்றை முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். ரோட்டோரப் பஞ்சர் கடைப் பையனிடம் இந்தச் சக்கரத்தை ஒருபோதும் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அசல் மிலிட்டரி பச்சை எந்தக் கடையில் கிடைக்கும்? அம்புக்குறி நம்பரும் எழுதலாமா? (ஊட்டி, வெலிங்டன், கூடலூரிலிருந்து பலர்)

கடையில் கிடைக்கும், ஆனால் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அடிக்க முடியாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் கிரீன் கூடாது என்கிறது. அம்புக்குறி போட்டு எழுதும் வண்டி நம்பர் ராணுவத்துக்கு உரியது. வேறு யார் எழுதினாலும் அது போலி நம்பர்தான். வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருக்கும் ஊரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

வருத்தப்படாதீர்கள். போர்க்கால லாரிக்கு மணல் நிறமும் அசல் நிறம்தான். நாலாவது இந்தியப் படைப்பிரிவு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்டபோது அங்கிருந்த வண்டிகள் அந்த நிறத்தில்தான் ஓடின. மூடுபனியில் எதிரே வருபவருக்கும் பளிச்சென்று தெரியும். எனக்கு அதுதான் பிடித்த நிறம்.

ஒரு வேண்டுகோள்: எந்த நிறம் அடிப்பதானாலும் மொத்தமாகச் சுரண்டிவிடாதீர்கள். கதவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தண்ணீர் தொட்டு மெல்லிய எமரித் தாளால் தேய்த்தால், எஸ்டேட்காரர் அடித்த நீலம், ரெட் ஆக்சைடு, அதற்கடியில் ராணுவ நிறம் என்று வளையம் வளையமாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் L என்று தொடங்கும் பழைய பிரிட்டிஷ் பதிவு எண்ணும் தட்டுப்படும். போட்டோ எடுத்து வையுங்கள். டிங்கரிங் முடிந்தபின் அந்தச் சரித்திரம் திரும்ப வராது.

வின்டேஜ் பதிவு லாரிக்குக் கிடைக்குமா? (குன்னூர்)

2021-ல் வந்த விதி, 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிக்கும் கார் வகைக்கும்தான் பேசுகிறது. நம்பரில் VA வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. சரக்கு லாரி அந்த வகையில் வராது. ஜீப்காரர்கள் முயலலாம். நீங்கள் செலவு செய்யத் தொடங்கும் முன்பே பழைய ஆர்சியையோ ராணுவம் கழித்த வண்டியை விற்ற டிஸ்போசல் ஏலச் சீட்டையோ எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா அண்ணா? (கூடலூர்)

இன்ஜினை அல்ல, ரப்பரை. பெட்ரோல் பம்ப் டயாஃபிரம், ஹோஸ், வாஷர் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். மழை மாதங்களில் டேங்க்கைப் பாதி காலியாக வைத்து நிறுத்தாதீர்கள், ஈரம் இறங்கும். விலை கூடிய பெட்ரோல் தேவையில்லை, 6.48-க்கு 1 என்ற கம்ப்ரஷனில் ஓடும் ஜீப் இன்ஜின் அன்றைய மட்ட ரக பெட்ரோலுக்கே செய்யப்பட்டது.

வேடிக்கை ஒன்று உண்டு. ஊட்டி உயரத்தில் காற்று குறைவதால் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் மிஞ்சிக் கலவை கனக்கும், பிளக் கறுக்கும். எத்தனாலோ கலவையை மெலிய வைக்கும். மேலே இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் அதே ஜெட்டோடு கோவைக்கு இறங்கினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும். பிளக்கைக் கீழே ஒருமுறை கழற்றி நிறம் பாருங்கள்.

டிசம்பர் காலையில் 6 வோல்ட் செல்ஃப் முனகுகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடவா? (ஊட்டி)

அவசரப்படாதீர்கள். 6 வோல்ட்டில் கரன்ட் இரண்டு மடங்கு ஓடும். கேபிளும் அதற்கேற்ற தடிமன் வேண்டும். யாரோ 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டிருப்பார்கள். தடித்த கேபிள் போட்டு, எர்த் பட்டை சேஸைத் தொடும் இடத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

என் ஜீப் வில்லிஸா, ஃபோர்டா? (அரவங்காடு)

முதலில் கிரில் ஓட்டைகளை எண்ணுங்கள். 9 என்றால் போர்க்கால ஜீப். 7 என்றால் பிற்பாடு வந்த ஜீப். 9 என்றால் கிரில்லுக்குக் கீழே குனிந்து, சேஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், கவிழ்த்த ப வடிவம் என்றால் ஃபோர்டு. ஃபோர்டுகாரர்கள் போல்ட் தலையில்கூட F போட்டார்கள். ஆனால் டிஸ்போசல் வண்டியில் இரண்டின் உறுப்பும் கலந்துதான் இருக்கும். அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

லாரிக்குச் சரக்கு ஏற்றும் மரத் தொட்டி யார் செய்வார்கள்? (கோத்தகிரி)

நாமக்கல். பழைய தொட்டியின் இரும்புக் கொக்கி, கீல், மூலைப்பட்டை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லாவிட்டால் இன்றைய லாரிக்குப் போடுவதையே போட்டு அனுப்பிவிடுவார்கள்.