அட்டையா, வெங்காயமா, ஆறு மாதப் பொதியா?

கேள்வி: மாசி மாதம் தொடக்கம் எனக்குத் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. சீப்பைத் தொடவே பயமாக இருக்கிறது. சின்னவெங்காயச் சாறு பூசினால் முளைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. ஊரில் வைத்தியம் பார்க்கும் ஒருவர் தலையில் இரத்தம் உறிஞ்சும் அட்டை விட வேண்டும் என்கிறார். முகநூலில் மூலிகை எண்ணெய் விற்பவரோ ஆறு மாதப் பொதியாக வாங்கினால்தான் பலன் என்கிறார். குணமானவர்களின் படங்களும் காட்டுகிறார். யாரை நம்புவது? மார்கழியில் டெங்குவால் ஆஸ்பத்திரியில் இருந்ததைத் தவிர எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை. வயது 27.
– வாசகி, கோப்பாய்

பதில்: மூன்று வைத்தியங்களை விரிவாக எழுதிவிட்டு, விடையை ‘தவிர’ என்று ஒதுக்கிவிட்டீர்களே! அந்த மூவரில் ஒருவராவது, ‘அண்மையில் காய்ச்சல் வந்ததா?’ என்று கேட்டாரா?

தலைமயிர் ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும். பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து உதிரும். வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஓய்வில் இருக்கும். அதனால் நாளொன்றுக்கு 100 வரை உதிர்ந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. கடும் காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை போன்றவை ஏராளமான மயிர்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலையே மறந்த பிறகு. யாழ்ப்பாணத்தில் டெங்கு மாரிமழையோடு கூடுகிறது. மயிர் மாசி, பங்குனியில் கொட்டுகிறது. பழி கிணற்றுத் தண்ணீரில் விழுகிறது. (நம் சுண்ணாம்புத் தண்ணீர் மயிரைச் சொரசொரப்பாக்கும். வேரோடு பிடுங்காது.)

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். பொதி ஏன் ஆறு மாதத்துக்கு விற்கப்படுகிறது என்று இப்போது விளங்குகிறதா? படத்தில் இருப்பவர்களுக்கு உண்மையாகவே முளைத்திருக்கலாம். எண்ணெய் பூசாமல் இருந்திருந்தால் முளைத்திருக்காதா என்பதற்குத்தான் படத்தில் பதில் இல்லை.

வெங்காயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். அதற்கு ஓர் ஆய்வே உண்டு. 2002இல் வெளியானது, பக்தாத் மருத்துவர்கள் செய்தது. பூச்சிவெட்டு (வட்டவட்டமாகச் சொட்டை விழும் நோய்) வந்த 38 பேரில் ஒரு பகுதியினர் வெங்காயச் சாற்றையும் மற்றவர்கள் வெறும் குழாய்த் தண்ணீரையும் இரண்டு மாதம் பூசினார்கள். சாறு பூசியவர்களில் பெரும்பாலோருக்கு முளைத்தது. தண்ணீர் பூசிய 15 பேரிலும் இருவருக்கு முளைத்தது! அந்த இருவரை யாராவது படம் பிடித்திருந்தால் இன்று குழாய்த் தண்ணீரும் போத்தலில் வந்திருக்கும். ஆய்வு சிறியது. தலையில் இருப்பது வெங்காயமா தண்ணீரா என்பது பூசியவரின் மூக்குக்கே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பூச்சிவெட்டுக்குச் செய்த ஆய்வு. உங்களுக்கு வந்திருப்பது அதுவாகத் தெரியவில்லை. மாமி சொன்னது வேறொரு நோய்க்கு.

விசித்திரமாக இருப்பதாலேயே ஒரு மருந்து பொய்யாகிவிடாது. இன்று பார்மசியில் கிடைக்கும் மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. குடித்தவர்களுக்கு முகத்திலும் கையிலும் மயிர் முளைத்ததைக் கண்டுதான் தலைக்குப் பூசிப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத போலித் திரவம் கொடுத்து ஒப்பிட்ட பிறகே 1988இல் அமெரிக்கா அதை வழுக்கைக்கு அனுமதித்தது. அதற்கும் நான்கைந்து மாதம் காத்திருக்க வேண்டும்; நிறுத்தினால் பலனும் போய்விடும். ‘எதோடு ஒப்பிட்டீர்கள்?’ என்று எண்ணெய்க்காரரைக் கேளுங்கள். உங்களுக்கு இப்போது மினொக்சிடிலும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அது கூடாது.

அட்டை வேண்டவே வேண்டாம். இரும்புச்சத்துக் குறைந்தாலும் மயிர் கொட்டும். அப்படியிருக்க, இருக்கிற இரத்தத்தையும் அட்டைக்குக் கொடுப்பது என்ன கணக்கு? கடித்த இடத்தில் கிருமித்தொற்றும் வரலாம். சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தால் கைதடி போதனா வைத்தியசாலை இருக்கிறது. பட்டம் பெற்றவர்களிடம் காட்டுங்கள்.

வீட்டில் காய்ச்சிய செவ்வரத்தை எண்ணெய் பூசுவதில் எனக்கு மறுப்பில்லை. அடியில் தேங்காயெண்ணெய் இருந்தால் மயிர் முறிவது குறையும். வேரில் முளைக்க வைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆவணி பிறந்தும் கொட்டுவது நிற்காவிட்டால், அல்லது அதற்கு முன்பே நாணயம் போல வட்டமாகச் சொட்டை விழுந்தால், தோல் சிவந்து தழும்பு கட்டினால், வகிடு அகன்றுகொண்டே போனால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். இரும்புச்சத்துக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். உடம்பு சோர்ந்திருக்கிறது, மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் என்றால் ஆவணி வரை காத்திருக்காமல் அந்தப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளலாம்.