ஆப்பிளை மம்மியாக்கிக் காட்டுங்கள்

எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பண்டைய எகிப்தியரின் அடக்க முறைகளைக் கைவேலை மூலம் எப்படிக் கற்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். காகிதத்தை உடலில் சுற்றி விளையாடுவதைவிட, ஓர் ஆப்பிள் துண்டை உலர்த்திப் பார்ப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஏனெனில் உடல் கெடாமல் காத்ததில் பெரும்பங்கு துணிச்சுற்றுக்கு அன்று, ஈரத்தை உறிஞ்சிய நேட்ரான் என்னும் உப்புக்கே உரியது.

எகிப்தின் வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்ட அந்த உப்பில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்திருந்தன. ஆகவே சமையல் சோடாவையும் தூள் உப்பையும் சம அளவில் கலந்து, ஆப்பிள் துண்டு முழுவதும் மூடும்படி ஒரு குவளையில் கொட்டி, பக்கத்தில் உப்பிடாத துண்டு ஒன்றையும் வையுங்கள். இரண்டையும் தொடக்கத்திலும் ஒரு வாரம் கழித்தும் பிள்ளைகளே எடை போடட்டும். உப்பில் கிடந்த துண்டு சுருங்கி, எடை குறைந்து, தொட்டால் பதப்படுத்திய தோலைப் போலிருக்கும். அதைத் தின்ன மட்டும் விடாதீர்கள். எகிப்தியர் உடலை இவ்வாறு உலர்த்த ஏறத்தாழ 40 நாள்களும், முழுச் சடங்குக்கு 70 நாள்களும் எடுத்துக்கொண்டனர்.

அடுத்து, உடலிலிருந்து எடுத்த உள்ளுறுப்புகளை எகிப்தியர் வைத்த ஜாடிகளைப் போல, களிமண்ணில் நான்கு சிறு ஜாடிகள் செய்யலாம். மனிதத் தலை மூடி கல்லீரலுக்கும், பபூன் குரங்குத் தலை நுரையீரலுக்கும், குள்ளநரித் தலை இரைப்பைக்கும், வல்லூறுத் தலை குடலுக்கும் உரியவை. இதயத்துக்கு ஏன் ஜாடி இல்லை என்று ஒரு பிள்ளையாவது நிச்சயம் கேட்கும். மறுமையில் அது உண்மைக்கும் நீதிக்கும் உரிய தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிரே தராசில் நிறுக்கப்படும் என்று நம்பியதால், அதை உடலுக்குள்ளேயே விட்டுவைத்தார்கள்.