பைக் லோன் தவணையையும் எல்ஐசி பிரீமியத்தையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க வைப்பது எப்படி? வேண்டாத ஆப் ஒன்று மாதாமாதம் எடுப்பதை நிறுத்துவது எப்படி?

வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தொடங்குவதெல்லாம் சில நிமிட வேலை. லோன் கொடுக்கிறவரே பக்கத்தில் உட்கார்ந்து ஆர்வமாக முடித்துக் கொடுத்துவிடுவார். நிறுத்தத்தான் அலைச்சல். அதனால் கையெழுத்துப் போடும்போதே, நாளைக்கு இதை எப்படி நிறுத்துவது என்ற யோசனையும் இருக்கட்டும்.

இப்படித் தானாகப் பிடிக்கும் முறையை ஊரில் இன்னும் 'இசிஎஸ்' என்றுதான் சொல்கிறோம். இப்போது இருப்பது, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்பிசிஐ அமைப்பு நடத்தும் 'நாச்'. இதில் கம்பெனி தன் வங்கி மூலம் பணம் கேட்கும். நீங்கள் கொடுத்த மேண்டேட், அதாவது பிடித்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதல், எங்களிடம் பதிவாகியிருந்தால், கணக்கில் பணமும் இருந்தால், உங்களைக் கேட்காமலே போய்விடும். வீட்டு வாடகைக்காக நீங்களே வங்கியில் சொல்லிவைக்கும் 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' வேறு வகை. அதன் குடுமி உங்கள் கையில் இருக்கும், நாச்சில் அப்படி இல்லை.

பதிவுக்கு நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் ஓடிபி என்று வழிகள் உண்டு. காகிதப் படிவமும் இருக்கிறது. அது திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் கையெழுத்துதான் காரணம். காலேஜில் படிக்கும்போது கணக்குத் தொடங்கப் போட்ட கையெழுத்தும் இன்று போடுவதும் ஒத்துப்போகாது. கூட்டுக் கணக்கில் இருவரும் சேர்ந்துதான் இயக்க வேண்டும் என்றிருந்தால் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். எல்ஐசியில் மாதாமாதம் கட்டும் முறை வேண்டுமென்றால், சம்பளத்தில் பிடித்தம் இல்லாதவர்களுக்கு நாச் ஒன்றுதான் வழி.

இனி, யாரும் படிக்காத கட்டங்கள். தவணை 4,350 ரூபாய்தான், ஆனால் படிவத்தில் 10,000 என்று இருக்கும். அது உச்சவரம்பு, பதற வேண்டியதில்லை. அபராதம் வந்தால் சேர்த்துப் பிடிக்க இடம் விட்டு வைத்திருப்பார்கள். அதுவே 50,000 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அடுத்து, எத்தனை முறை பிடிக்கலாம் என்ற கட்டம். 'மாதாந்திரம்' என்பதை விட்டுவிட்டு 'ஆஸ் அண்ட் வென் பிரசன்டட்' என்பதில் டிக் போட்டிருந்தால், ஒரே மாதத்தில் எத்தனை முறை கேட்டாலும் செல்லும். முதல் முறை பவுன்ஸ் ஆகும், நாலு நாள் கழித்து மறுபடி போடுவார்கள், அதுவும் திரும்பும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கம்பெனி தன் பங்குக்குத் தனியாக பவுன்ஸ் சார்ஜ் போடும். சம்பளம் வந்த அன்றைக்கே பாதி இதிலேயே போன கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, முடியும் தேதி. 24 மாத லோனுக்கு எதற்கு 15 வருட மேண்டேட்? கேட்டால் திருத்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிவானதும் யுஎம்ஆர்என் என்று ஒரு எண் வரும், எழுத்தும் எண்ணும் கலந்து 20 இடம். அதைக் குறித்து வையுங்கள், நிறுத்தப் போகும்போது எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

டியூ தேதி பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் மறுநாள்தான் பிடிக்கும். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தில் ஏழு நாளும் ஓடுகிறது. 5ஆம் தேதி டியூ என்றால் 4ஆம் தேதி இரவே பணம் கணக்கில் இருக்கட்டும். 'சாயங்காலம் போட்டுக்கலாம்' என்பது இதில் எடுபடாது. சம்பளமே 7ஆம் தேதிதான் வருமென்றால் லோன் கம்பெனியிடம் பேசித் தேதியை மாற்றுங்கள், வங்கியால் மாற்ற முடியாது.

நிறுத்துவதற்கு வருவோம். சமீபத்தில் ஒரு அக்கா கவுன்டரில் பாஸ்புக்கை நீட்டினார். "லோன் முடிச்சு என்ஓசி வாங்கி அஞ்சு மாசமாச்சு சார், இன்னும் எடுக்குறான்." என்ஓசி என்றால் கடன் பாக்கி இல்லை என்று கம்பெனி தரும் கடிதம். விசாரித்தால், கம்பெனி ஆபீசில் "அது சிஸ்டத்துல தானா நின்னுடும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தானாக நிற்காது. முடியும் தேதி வரைக்கும் மேண்டேட் உயிரோடுதான் இருக்கும். கம்பெனியிடம் சொல்வதோடு விடாமல், உங்கள் வங்கியிலும் நெட்பேங்கிங்கிலோ கடிதம் கொடுத்தோ ரத்து செய்யுங்கள். கடிதமென்றால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகர வேண்டாம். வங்கியில் ரத்து செய்த பிறகும் பணம் போனால் அதற்கு உங்கள் வங்கிதான் பொறுப்பு, மறுநாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எங்கள் ஆட்களில் சிலருக்கே இது தெரியாது, எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும் லோனுக்கு, வசூல்காரர் மேல் உள்ள கோபத்தில் மேண்டேட்டை ரத்து செய்யாதீர்கள். மேண்டேட் போனாலும் கடன் போகாது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். பணம் இல்லாமல் திரும்பினால் செக் பவுன்ஸ் மாதிரியே வழக்குக்கும் இடமுண்டு. 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25ஆவது பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் தப்பிக்கலாம்.

உங்கள் ஆப் விவகாரம் அநேகமாக யுபிஐ ஆட்டோபேயாக இருக்கும். 'ஒரு ரூபாயில் மூன்று நாள்' என்று சொல்லி பின் நம்பர் போட வைப்பார்கள். அந்தத் திரையிலேயே உச்சவரம்பு என்று ஒரு தொகை இருக்கும், கண் அங்கே போகாது. 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த மாதங்களில் பின் நம்பர் கேட்காமலே போகும். இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் என்றால் அந்த வரம்பு 1 லட்சம். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் கட்டாயம் தகவல் வர வேண்டும்; அதை விளம்பர மெசேஜ் என்று தள்ளிவிடாதீர்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வதால் ஒன்றும் நின்றுவிடாது. ஜிபே, ஃபோன்பே என எதில் ஒப்புதல் கொடுத்தீர்களோ அதில் 'ஆட்டோபே' பக்கத்தைத் திறந்து ரத்து செய்தால் அங்கேயே முடிந்தது. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியின் கார்டு பக்கத்தில் தேட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வங்கி அசையவில்லையென்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம், அதற்கான சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் புகார் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ரத்துக் கடிதத்தின் நகலையும், அதன் பிறகு பணம் போனதைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டையும் மறக்காமல் இணையுங்கள்.