மணலில் இருவர் வாலிபால்: வாசகர் கேள்வி – பதில்

ஆறு பேர் வாலிபால் ஆடிப் பழகியவர்கள் நாங்கள். பீச் வாலிபாலில் பிளேசிங் போட்டால் நடுவர் விசில் ஊதிவிடுகிறார். ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

பிளேசிங், அதாவது விரல்களை விரித்து, நுனியால் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவது, இந்த ஆட்டத்தில் தவறு. விரல்களை மடக்கி விரல் முட்டியால் தட்டலாம். விரல்களை விறைப்பாக ஒட்டி நீட்டி, அந்த நுனியால் குத்தலாம். உள்ளங்கையால் மெதுவாக அடிக்கலாம். முட்டியால் தட்டும்போது மணிக்கட்டு தளர்ந்தால் பந்து வலையிலேயே விழும். மணிக்கட்டை இறுக்கி, பந்தின் அடிப்பாகத்தைத் தட்டுங்கள். வலையருகே கை உயர்த்தித் தடுக்கும் பிளாக்கரின் கைக்கு மேலே எழும்பி அவர் முதுகுக்குப் பின்னால் இறங்கும்.

லிஃப்டிலும், அதாவது இரு கை விரல்களாலும் பந்தை மேலே தூக்கிப் போடுவதிலும், கண்டிப்பு அதிகம். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட வேண்டும், பிடித்து வீசவும் கூடாது. லிஃப்ட் செய்தே பந்தை எதிர்ப்பக்கம் அனுப்புவதானால், தோள்கள் நிற்கும் கோட்டுக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோதான் போகலாம். பக்கவாட்டில் போனால் ஃபவுல். கூட்டாளிக்குப் போட்ட பந்தைக் காற்று வலை தாண்டித் தள்ளிவிட்டால் அது தவறல்ல. சர்வீஸை மட்டும் விரலால் வாங்கவே வேண்டாம், அண்டர்ஹேண்டில் (இரு கையையும் சேர்த்து முன்கையால்) வாங்குங்கள்.

உள்ளரங்கத்திலிருந்து வருபவர்கள் அதிகம் இடறுவது பிளாக்கில். இங்கே பிளாக்கில் கைபட்டாலே, பந்தைத் திருப்பி அனுப்ப அணிக்கு உள்ள மூன்று டச்சில் ஒன்று கழிந்துவிடும். மீதம் இரண்டுதான். பிளாக் போட்டவரே அடுத்த டச்சையும் எடுக்கலாம் என்பதால், கீழே இறங்கியதும் பந்தை நோக்கித் திரும்பிவிட வேண்டும்.

ஊர்க் கடற்கரையில் கோர்ட் போட அளவு சொல்லுங்கள். மூங்கில் கம்பம் நடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

நீளம் 16 மீட்டர், அகலம் 8 மீட்டர். மூலைவிட்டம் இரண்டும் 17.89 மீட்டர் வருகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள்; வராவிட்டால் கோர்ட் கோணல். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும். வலை உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர். நடுக்கோடு கிடையாது. எல்லைக்கு 5 செ.மீ. அகல நாடா போதும். நாடாவை இழுத்துக்கட்ட இரும்பு முளை அடிக்காதீர்கள், கால் கிழியும். சிறு பலகைத்துண்டில் கட்டி மணலுக்குள் ஆழமாகப் புதையுங்கள். மூங்கில் வளைந்து வலை நடுவில் தொய்யும். இரும்புக் குழாய்க்குப் பஞ்சுறை சுற்றி, பக்கக்கோட்டுக்கு வெளியே 70 செ.மீ. முதல் 1 மீட்டருக்குள் நடுங்கள்.

உள்ளரங்கப் பந்தைக் கொண்டுபோகாதீர்கள். இதற்கான பந்தில் காற்றழுத்தம் 2.5 முதல் 3.2 பி.எஸ்.ஐ. மட்டுமே. அதைவிட இறுக்கமாகக் காற்றடித்தால் கை எரியும், அண்டர்ஹேண்டில் பந்து துள்ளி ஓடும்.

சாயங்காலம் கடற்காற்று அடித்தால் எங்கள் ஆட்டமே கலைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர்

டாஸில் ஜெயித்தால் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று முகத்தில் அடிக்கும் பக்கம்தான் நல்ல பக்கம்: ஓங்கிப் போட்ட சர்வீஸும் ஸ்மாஷும் காற்றில் அமுங்கி உள்ளே விழும். அங்கே நின்று லிஃப்ட் செய்யும்போது பந்து பின்னுக்கு வரும், ஆகவே வலைக்கு நெருக்கமாகப் போடுங்கள். முதுகில் காற்று இருந்தால் வலையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போட வேண்டும்; இல்லையென்றால் பந்து எதிராளி கைக்கே போகும்.

கோர்ட்டை வெயில் கண்ணில் படாதபடி வடக்கு–தெற்காகப் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் கிழக்குக் கரையில் பிற்பகல் கடற்காற்று குறுக்கே வீசும். அப்போது லிஃப்டைத் தாழ்வாகப் போடுங்கள், பந்து எவ்வளவு நேரம் மேலே நிற்கிறதோ அவ்வளவு விலகும். சர்வீஸைக் கடல் பக்கக் கோட்டைக் குறிவைத்து அடித்தால் உள்ளே வந்து விழும்.

செட் 21 புள்ளி, மூன்றாவது செட் 15. இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். இரு அணிப் புள்ளியையும் கூட்டி ஒவ்வொரு 7 புள்ளிக்கும், மூன்றாவது செட்டில் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் பக்கம் மாறுவார்கள். மாறியதும் முதல் லிஃப்டின் அளவை மாற்ற மறப்பதால்தான் பலரும் அடுத்தடுத்து இரண்டு மூன்று புள்ளிகளை விடுகிறார்கள். பக்கம் கடக்கும்போதே காற்றின் திசையைக் கூட்டாளியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.