பட்டறைப் பதில்கள்: வயர் இல்லாத டிரில், வயர் ஓடும் சுவர்

மகள் கார்ட்லெஸ் டிரில் மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அடுப்படியில் சுவிட்ச் போர்டுக்கு மேலே மசாலா டப்பா வைக்க ஒரு பலகை மாட்ட வேண்டும். "வயரே இல்லை, ஷாக் அடிக்காது" என்று கடையில் சொன்னார்கள். நம்பி இறங்கலாமா?
– வாசகி, புதூர், மதுரை

தாராளமாக இறங்குங்கள் அம்மா, ஆனால் அந்த இடம் வேண்டாம். கடையில் சொன்னது பாதிதான் சரி. மிஷினுக்குள் இருக்கும் 18 வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது. சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் செய்யும். சுவரைத் துளைக்கும் பிட் இரும்பு, நிறைய மிஷின்களில் அதைப் பிடித்திருக்கும் சக்கும் இரும்பு. ஆட்டம் வரக் கூடாதென்று இடது கையால் சக்கை ஒட்டிப் பிடிப்பார்கள். பிட் வயரில் பட்டால் கரண்ட் அந்தக் கைக்குத்தான் வரும்.

போர்டிலிருந்து வயர் பைப் பெரும்பாலும் நேர் மேலே போகும், சில வீடுகளில் நேர் கீழேயும் இறங்கும். அந்த இரண்டு பக்கமும் தொடாதீர்கள். பலகையை ஒரு முழமாவது தள்ளி மாட்டுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு நேராகவும் ஓட்டை வேண்டாம்.

கார்ட்லெஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டே ஓட்டை போடலாம். வயர் வைத்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டும், அதனால் சுவரிலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் அந்தப் பயம் வேண்டாம். அப்படியொரு வசதி கையில் இருக்கும்போது மெயினைப் போட்டுவைத்தே வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை இறக்கினால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வர்ட்டர் அந்த வயருக்கே கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அடுப்படியில் லைட், ஃபேன் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். எதுவும் எரியவில்லை, சுற்றவில்லை என்றால் ஆரம்பிக்கலாம்.

சுவரில் டைல்ஸ் இருந்தால் இடித்து இடித்துத் துளைக்கும் ஹேமர் மோடில் வைக்காதீர்கள், விரிசல் விடும். குறி வைத்த இடத்தில் டேப் ஒட்டி, டைல்ஸுக்கென்று விற்கும் பிட்டைப் போட்டு மெதுவாகச் சுற்றவிடுங்கள். டைல்ஸைத் தாண்டியதும் கான்கிரீட் பிட்டுக்கு மாறி ஹேமர் போடலாம். வருகிற பொடியைக் கவனியுங்கள்: சாம்பல் நிறம் சிமெண்ட் பூச்சு, சிவப்பு செங்கல். பொடி ஈரமாக வந்தால் உடனே நிறுத்துங்கள், பக்கத்தில் குழாய் இருக்கலாம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, பின்னலைக் கொண்டையாகப் போட்டுவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை வேண்டாம், சுற்றுகிற பிட் அதை இழுத்துக்கொள்ளும்.

டோர், ஜன்னல் ஃபிட்டிங் வேலை செய்கிறேன். கார்ட்லெஸ் டிரில் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பேட்டரி பாதி நேரம்கூட நிற்கவில்லை. மிஷின் மட்டமா?
– வாசகர், திருமங்கலம்

தம்பி, சைட்டுக்கு எதில் கொண்டுபோகிறீர்கள், மத்தியானம் எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பைக் பெட்டிக்குள் வைத்து வண்டியை வெயிலில் நிறுத்தினால் அதுவே காரணமாக இருக்கும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. பல மிஷின்களின் கையேட்டில் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடாதே என்றே இருக்கும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு சர்வ சாதாரணம். வேலை முடிந்த கையோடு கொதிக்கக் கொதிக்க சார்ஜரில் மாட்டாதீர்கள். நிழலில் வைத்து, தொட்டால் சூடு தெரியாத பதத்துக்கு வந்த பிறகு போடுங்கள். ஒரேயடியாகத் தீரும்வரை ஓட்டவும் வேண்டாம், மிஷின் திணறத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்குமென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

புது பேட்டரி வாங்கும்போது 20, 21 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 18 வோல்ட்டிலும் வரிசையாக 5 செல்தான், அதிலும் அதே 5 செல்தான். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும், அதை ஐந்தால் பெருக்கி 21 என்று அச்சடிக்கிறார்கள். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு ஆம்பியர்-ஹவர் எண்ணைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் பிரித்துப் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் கேட்டு வாங்க வையுங்கள்.

மாசி வீதிப் பக்கம் தாத்தா காலத்து வீடு. ஒரு ஆணி மாட்ட ஓட்டை போட்டால் கையகலத்துக்குக் காரை பெயர்ந்து வருகிறது.
– வாசகர், மதுரை

சுண்ணாம்புக் காரை ஐயா. ஹேமர் அடிக்கு அது தாங்காது. ஹேமரை அணைத்து, முதலில் 4 எம்எம் பிட், பிறகு 6 எம்எம் என்று அகலப்படுத்துங்கள், அழுத்தவே வேண்டாம். ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளக் காரையில் மட்டும் நின்றால் பிடிக்காது. நீளமான பிளக்காக வாங்கிச் செங்கல்வரை போக வையுங்கள். அப்படியும் கழன்றால், அந்தக் காலத்துக் கொத்தனார்கள் செய்ததுபோல் காய்ந்த வேப்பங்கட்டையைச் சீவி இறுக்கமாக அடித்து, அதில் ஸ்க்ரூ ஏற்றுங்கள். அந்தச் சுவருக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

மாடியில் குழந்தைகள் படுக்கிற அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஷீட்டில் ஓட்டை போட்டு ஃபேன் மாட்டலாமா?
– வாசகி, செல்லூர்

வேண்டவே வேண்டாம். அந்தப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுவிடும். குழந்தைகள் படுக்கிற இடம் வேறு. ஷீட்டும் ஃபேன் பாரம் தாங்காது. ஷீட்டைத் தாங்கும் இரும்புப் பைப்பில் கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

என் ஆறு வயசுப் பையன் டிரில்லைத் துப்பாக்கி என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ரிவர்ஸ் பட்டனை நடுவில் தள்ளி லாக் செய்து வைத்தால் போதுமா?
– வாசகர், மேலூர்

போதாது. அந்த பட்டன் அவன் விரலுக்கும் நகரும். பேட்டரியைக் கழற்றி பீரோவில் பூட்டுங்கள், மிஷினைத் தனியாக வையுங்கள். பிட் மாற்றும்போது நீங்களும் பேட்டரியைக் கழற்றிவிட்டே சக்கில் கை வையுங்கள். பீரோவில் வைக்கும் பேட்டரியோடு சாவி, ஸ்க்ரூ, சில்லறை எதுவும் கிடக்கக் கூடாது. முனையில் பட்டால் ஷார்ட் ஆகும். மூடி தந்திருந்தால் போட்டு வையுங்கள்.