புல்வெளி மண் என்றால் மொல்லிசால்தானே? அப்புறம் தெற்கு டகோட்டாவின் பியர் மண் ஏன் வெர்ட்டிசால்?

கேட்டவர் வேளாண் முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாராம். 'புல்வெளி மண் என்றால் மொல்லிசால்' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததாகவும், இந்த ஒரு மண்ணில் வந்து அது இடிப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

மொல்லிசால் என்பது மட்கு சேர்ந்து கறுத்த மேல்மண் கொண்ட மண் வகை. வெர்ட்டிசால் என்பது ஊதிச் சுருங்கி வெடிக்கும் களிமண் வகை. கோளாறு அந்த மனப்பாடத்தில்தான். அமெரிக்க மண் வகைப்பாடு மேலே என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, குழிக்குள் என்ன தெரிகிறது என்று பார்க்கிறது. நான் விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவள். தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் இரண்டு கோடைக்காலம் மண் குழி எடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பெயர். எழுத்தில் பிரெஞ்சு (Pierre), ஊர்க்காரர்கள் வாயில் வெறும் 'பியர்'. அந்த மாநிலத் தலைநகரின் பெயரும் அதுவே. "பியர்ல வேலைம்மா" என்று போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அடியில் கிடப்பது பியர் ஷேல். ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவில் ஒரு உள்நாட்டுக் கடல் இருந்தது. அதன் அடிச்சேறு இறுகியதுதான் இந்தப் பாறை. எரிமலைச் சாம்பலும் அந்தக் கடலில் விழுந்து, இடையிடையே பென்டோனைட் என்ற ஊதும் களியின் பட்டைகளாக மாறியிருக்கிறது. பாறை என்பது பேருக்குத்தான். மண்வெட்டியால் சீவினால் ஏடு ஏடாக வரும், நனைந்தால் விரலிலேயே மசியும். 1950களில் மிசூரி ஆற்றின் குறுக்கே ஓவாஹி அணை கட்டியபோது, சுரங்கம் குடையும் இயந்திரம் இந்த ஷேலில் ஒரே நாளில் 48 மீட்டர் வரை போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பாறை சிதைந்தால் மணலா கிடைக்கும்? கிடைப்பது முழுக்கக் களி. அதிலும் ஸ்மெக்டைட் களி, தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும்.

குழியைப் பார்ப்போம். மேலே வெஸ்டர்ன் வீட்கிராஸ், கிரீன் நீடில்கிராஸ் என்று முழங்கால் உயரப் புல். அதற்கடியில் மண் சாம்பல் கலந்த பழுப்பு, கொஞ்சம் ஆலிவ் சாயல். ஒரு பிடி எடுத்து நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் மேல் தள்ளினால் நாடா நீண்டுகொண்டே வரும், அறுபடாது. களி அறுபது சதவீதத்துக்கு மேல். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், ஏனென்றால் சுண்ணாம்பு இருக்கிறது. இன்னும் கீழே ஜிப்சம் படிகங்கள் வெயிலில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னும். 50லிருந்து 100 சென்டிமீட்டருக்குள் எங்கோ ஷேல் தட்டிவிடும்.

ஆனால் இந்த மண்ணுக்குப் பெயர் வைப்பது நிறமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. குழிச் சுவரில் கத்தி முனையால் ஒரு கட்டியைப் பெயர்த்தெடுங்கள். அது ஆப்பு வடிவத்தில் கழன்று வரும். கழன்ற முகம் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும், மேலே சாய்வாகக் கோடுகள் கீறியிருக்கும். மண் ஊதும்போது இடம் போதாமல் ஒரு கட்டி இன்னொன்றின் மேல் வழுக்கி ஏறிய தழும்பு அது. ஸ்லிக்கன்சைடு என்பார்கள். முதல் தடவை பார்த்தபோது என் கத்திதான் தேய்த்துவிட்டதோ என்று நினைத்தேன்.

இந்தத் தழும்போ ஆப்புக் கட்டியோ ஒரு மீட்டர் ஆழத்துக்குள் 25 சென்டிமீட்டர் தடிமனுக்காவது இருக்க வேண்டும், களி 30 சதவீதமாவது வேண்டும், வெடிப்புகள் திறந்து மூட வேண்டும். இருந்தால் வெர்ட்டிசால், அவ்வளவுதான். வகைப்பாட்டுத் திறவுகோலில் வெர்ட்டிசால் முன்னால் வருகிறது, மொல்லிசால் பின்னால். வரிசையில் முதலில் எது பொருந்துகிறதோ அதிலேயே நின்றுவிட வேண்டும். ஆகவே மேல்மண் கருகருவென்று இருந்தாலும்கூட மொல்லிசாலுக்கு முறை வராது. பியர் மண்ணில் அந்தக் கருமையும் பெரிதாக இல்லை. மழை ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. தான், மட்கு அவ்வளவாகச் சேராது.

முழுப் பெயர் 'வெரி-ஃபைன், ஸ்மெக்டிட்டிக், மீசிக் ஏரிடிக் லெப்டிக் ஹேப்லஸ்டர்ட்ஸ்'. பயப்படாமல் பின்னாலிருந்து பிரியுங்கள். 'எர்ட்' வெர்ட்டிசால். 'உஸ்ட்' அரைகுறை மழை, ஆனாலும் பயிர்க்காலத்தில் கொஞ்சம் ஈரம் உண்டு. 'ஹேப்ல்' விசேஷம் ஒன்றும் இல்லை. 'லெப்டிக்' ஒரு மீட்டருக்குள் பாறை. முன்னால் உள்ள மூன்று சொல்லும் களியின் அளவு, களியின் வகை, மண்ணின் வெப்பநிலை பற்றியவை. 'ஏரிடிக்'தான் எனக்குப் பிடித்தது: வெடிப்புகள் வருடத்தில் 210 நாளாவது திறந்தே கிடக்க வேண்டும். வருடத்தில் ஏழு மாதம் வாயைப் பிளந்து கிடக்கும் மண்!

தேர்வில் குழப்ப வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. அதே ஷேல், அதே மழைதான். ஆனால் மேட்டுச் சரிவில் 50 சென்டிமீட்டருக்குள் ஷேல் வந்துவிடும் இடத்தில் சாம்சில் என்ற மண். அது எண்டிசால், அடுக்கு உருவாகும் முன்பே மண் கரைந்து போய்விடுகிறது. பள்ளத்தில் கழுவி வந்த களி ஆழமாகச் சேர்ந்த இடத்தில் கைல் மண். அது வெர்ட்டிசால்தான், ஆனால் பெயரில் 'லெப்டிக்' இருக்காது. ஒரே குன்றில் இறங்கி நடந்தால் மூன்றையும் பார்க்கலாம்.

குணத்தைப் பொறுத்தவரை, காய்ந்திருக்கும்போது முதல் மழை வெடிப்பு வழியே குடுகுடுவென்று இறங்கிவிடும். மண் ஊதி வெடிப்பு மூடியதும் கதவடைத்த மாதிரி, நீர் மேலேயே ஓடும். ஈரத்தை நிறையப் பிடித்து வைக்கும், ஆனால் வேருக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஊரில் இதற்குக் 'கம்போ' என்று பேர். ஒரு மாலை மழையில் எங்கள் வண்டி அதில் நூறடிகூடப் போகவில்லை. சக்கரத்தில் மண் சுற்றிச் சுற்றி, மட்கார்டு அடைத்து, சக்கரம் சுழலவே மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டியபடி விடியும்வரை இருந்தோம்.

இன்னொரு சங்கதி செலினியம், அளவு மிஞ்சினால் நஞ்சாகும் ஒரு தனிமம். இந்த ஷேலில் அது உண்டு, சில செடிகள் அதை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். 1856இல் மிசூரிக் கரையில் ராண்டால் கோட்டையில் ராணுவக் குதிரைகளுக்குப் பிடரி மயிர் உதிர்ந்து, குளம்பு கழன்றது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, இந்த நோயை வெகுகாலம் 'ஆல்கலி நோய்' என்றே சொல்லி வந்தார்கள். செலினியம்தான் என்று தெரிந்தது 1930களில்.

நம் கரிசலும் வெர்ட்டிசால்தான், தாய்ப்பாறை மட்டும் வேறு. குழியையும் வெடிப்பையும் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "வெடிப்பைப் பாத்தா நம்ம காடுதாம்மா, பருத்தி போடலாமே" என்றார். செப்டம்பரிலேயே உறைபனி வந்துவிடும் ஊர் என்று சொன்னேன். "அப்ப மாட்டுக்குத்தான்" என்றார். அங்கே அந்த மண்ணில் பெரும்பாலும் மாடுதான் மேய்கிறது.