அச்சில் ‘1இ7’ என்று வருகிறது, கோடியில் காட்டுவது எப்படி?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “தமிழ் வகுப்பு ஆண்டு விழாவில் ஒட்டுவதற்காக, தென்னாப்பிரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைப் பைத்தானில் மேட்பிளாட்லிப் (வரைபடம் போடும் நிரல் தொகுப்பு) வைத்து வரைகிறேன். இடது அச்சில் 4.0, 4.5 என்று சின்ன எண்களும், மேல் மூலையில் 1இ7 என்றும் வந்தன. செட்_ஒய்டிக்லேபல்ஸ் கொடுத்து 4 கோடி, 4.5 கோடி என்று 6 கோடி வரை நானே எழுதினேன். இப்போது 2011-ஆம் ஆண்டுப் புள்ளி 5.7 கோடிக்கு நேராக நிற்கிறது. மேலே ஒரு கோட்டுக்கு எண்ணே இல்லை. பெரியவர்களுக்குக் கோடி, பிள்ளைகளுக்கு மில்லியன், இரண்டுமே வேண்டும். என்ன செய்யலாம், அண்ணா?”

முதலில் அந்த 1இ7 (1e7). ஒன்றுக்குப் பின்னால் ஏழு சைபர், அதாவது சரியாக ஒரு கோடி. மேட்பிளாட்லிப் உங்களுக்குக் கோடிக் கணக்கில்தான் காட்டியிருக்கிறது, பெயரைத்தான் சொல்லவில்லை.

கையால் எழுதியது ஏன் பிசகியது? உங்கள் எண்கள் 4.06 கோடியில் (1996) தொடங்கி 6.20 கோடியில் (2022) முடிகின்றன. மேட்பிளாட்லிப் கணக்குப் போடும்போது படத்துக்கு வெளியே கீழே 3.5, மேலே 6.5 என்றும் குறிகள் வைத்துக்கொள்ளும். அவை கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த முதல் பெயரான ‘4 கோடி’ அந்த மறைந்த 3.5-க்குப் போய்விட்டது. அடுத்ததெல்லாம் ஒரு படி நகர்ந்துவிட்டன. 2011-இன் உண்மையான எண் 5.18 கோடி, அதனால்தான் உங்கள் படத்தில் 5.7 போலத் தெரிகிறது. மேல் கோட்டுக்குப் பெயர் மிஞ்சவே இல்லை. இப்படிச் செய்தால் புதிய பதிப்புகள் ஒரு எச்சரிக்கையும் காட்டும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். குறிகளின் இடத்தையும் சேர்த்துச் சொல்லாமல் பெயரை மட்டும் மாற்றுவது எப்போதுமே ஆபத்து. படம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், எண் மட்டும் பொய் சொல்லும்.

சரி, வழி என்ன? நான் உங்களுக்குச் சொல்வது, வரையும் இடத்திலேயே மக்கள்தொகையை 1இ7-ஆல் வகுத்துவிடுங்கள். வெறும் லிஸ்டாக இருந்தால் பைத்தான் வகுக்காது, பிழை காட்டும். நம்பை அரேயாகவோ பாண்டாஸ் பத்தியாகவோ (இரண்டும் தரவைக் கையாளும் பைத்தான் தொகுப்புகள்) இருக்க வேண்டும். அச்சின் பெயரில் ‘கோடி’ என்று மறக்காமல் எழுதுங்கள். தரவைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், ஒய்ஆக்ஸிஸின் செட்_மேஜர்_ஃபார்மேட்டருக்கு ஒரு சிறிய ஃபங்ஷன் கொடுக்கலாம். குறியின் மதிப்பை வாங்கி, வகுத்து, எழுத்தாகத் திருப்பித் தரும். குறி எங்கே நகர்ந்தாலும் பெயரும் கூடவே நகரும்.

வகுக்கும் எண் 10, 100, 1000 போலப் பத்தின் அடுக்காக இருக்கும்வரை இரண்டு வழியும் ஒன்றுதான். ஆனால் விநாடியை மணியாக்க 3600-ஆல் வகுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஃபார்மேட்டர் வழியில் போனால், 10,000 விநாடியில் இருக்கும் குறிக்கு 2.78 மணி என்று வரும். அங்கெல்லாம் தரவையே வகுப்பதுதான் நல்லது, குறிகள் 1, 2, 3 என்று முழு எண்ணில் விழும்.

மில்லியனுக்கு வலது பக்கம் இன்னொரு அச்சு வையுங்கள். செகண்டரி_ஒய்ஆக்ஸிஸ் என்று இருக்கிறது. போக ஒரு ஃபங்ஷன், வர ஒன்று: பத்தால் பெருக்கு, பத்தால் வகு. இரண்டாவது அச்சு வைக்கும் இன்னொரு வழியான ட்வின்எக்ஸ் வேண்டாம், அதில் இரண்டு அச்சும் தனித்தனியே ஓடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அனுப்பிய நிரலில் மக்கள்தொகையை எண்ணாக மாற்றியிருக்கிறீர்கள், ஆண்டை எழுத்தாகவே விட்டுவிட்டீர்கள். எழுத்தாக இருந்தால் 1996, 2001, 2011, 2022 நான்கும் சம இடைவெளியில் நிற்கும். உண்மையில் இடைவெளி 5, 10, 11 ஆண்டுகள். உங்கள் படத்தில் கோடு போகப் போகச் செங்குத்தாக ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் இடைவெளியில் ஆண்டுக்குச் சுமார் 8.5 லட்சம், அடுத்ததில் 7 லட்சம், கடைசியில் 9.3 லட்சம். நடுவில் வேகம் குறைந்திருக்கிறது. அது உங்கள் படத்தில் காணாமல் போய்விட்டது. ஆண்டையும் இன்ட் போட்டு எண்ணாக்குங்கள். அப்புறம் செட்_எக்ஸ்டிக்ஸுக்கு அந்த நான்கு ஆண்டுகளைக் கொடுங்கள். இல்லாவிட்டால் 2000, 2005 என்று கணக்கெடுப்பே நடக்காத ஆண்டுகள் அச்சில் வந்து நிற்கும்.